நேபாள மலைப் பள்ளிக்குப் போக மூன்று வாரமா, மூன்று மாதமா, ஒரு வருஷமா?

ஒவ்வொரு வருஷமும் மாசி பிறந்துவிட்டால் எனக்கு இரண்டு மூன்று பேராவது போன் செய்வார்கள். "நீங்க நேபாளத்துல போய்ப் பாடம் நடத்தினீங்களாமே, நானும் போகலாம்னு இருக்கேன், எத்தனை நாள் போனா சரியா இருக்கும்?" கேட்பவர்களில் பாதிப் பேர் என்னைப் போலப் பள்ளி ஆசிரியர்கள். மீதிப் பேர் ஐடி வேலையிலிருந்து கொஞ்ச நாள் விலகி, யாருக்காவது உபயோகமாக இருக்கலாம் என்று நினைப்பவர்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன்.

நான் போனது இரண்டு முறை, இரண்டும் நேபாளத்தின் நடுப்பகுதியில் இருக்கும் லம்ஜுங் என்ற மலை மாவட்டம். 2018 மே மாதம் மூன்று வாரம் இருந்தேன். 2023இல் சித்திரை பிறந்ததிலிருந்து ஆனி முடியும்வரை மூன்று மாதம், வேறொரு பள்ளியில். என் கல்லூரித் தோழி ஒருத்தி வேலையை விட்டுவிட்டுப் பக்கத்து மலையில் ஒரு கல்வி ஆண்டு முழுக்க இருந்தாள். அதனால் மூன்று அளவையும் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போவதென்றால் மூன்று மாதம் போங்கள், அதுவும் அவர்களுடைய பள்ளி ஆண்டு தொடங்கும்போது. மூன்று வாரம்தான் கிடைக்கும் என்றால் வகுப்பு எடுக்கப் போகாதீர்கள். ஒரு வருஷம் நல்லதுதான், ஆனால் அதில் பள்ளிக்கு ஒரு கெடுதல் வர வாய்ப்பிருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், அந்தப் பள்ளிகள் ஏன் வெளியாட்களைக் கூப்பிடுகின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும். நேபாளத்தில் தனியார் ஆங்கில வழிப் பள்ளியை எல்லாரும் 'போர்டிங்' என்றுதான் சொல்கிறார்கள், அங்கே விடுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அப்பா கத்தாரிலோ மலேசியாவிலோ வேலை செய்து பணம் அனுப்பினால், அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையிலிருந்து கீழே இறங்கி, சிறு நகரத்தில் அறை எடுத்து, பிள்ளையை போர்டிங்கில் சேர்த்துவிடுகிறார். மேலே இருக்கும் அரசுப் பள்ளியில் வருஷத்துக்கு வருஷம் பிள்ளைகள் குறைகிறார்கள். நம் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளைத் தக்கவைக்க அரசுப் பள்ளிகளும் கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்துவதாக அறிவித்துவிடுகின்றன. புத்தகம் ஆங்கிலத்தில், ஆசிரியர் பேசுவது நேபாளியில், அந்த மலையில் வாழும் குருங் இனத்து வீட்டுப் பிள்ளை என்றால் பாட்டியோடு பேசுவது குருங் மொழியில். இந்த மூன்று மொழிக்கு நடுவில்தான் நீங்கள் போய் நிற்கப் போகிறீர்கள். ஆங்கிலம் பேசும் ஒருவர் வந்திருக்கிறார் என்பதே ஊருக்குள் பள்ளிக்கு ஒரு மதிப்பு. ஹெட்சர் (தலைமையாசிரியரை அப்படித்தான் சொல்கிறார்கள்) உங்களை அழைக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று, அதில் தவறில்லை, ஆனால் தெரிந்தே போவது நல்லது.

இன்னொரு விஷயம், தமிழர்களுக்கு இது ஞாபகம் வைத்துக்கொள்ள மிகவும் எளிது. நேபாளிகளுடைய வருஷம் பிறப்பது நம் சித்திரை ஒன்றாம் தேதியை ஒட்டித்தான், அவர்கள் அதை பைசாக் என்கிறார்கள். பள்ளி ஆண்டும் அந்த மாதத்தில்தான் தொடங்குகிறது. அடுத்தது ஜேட், அது நமக்கு வைகாசி. அசார் நமக்கு ஆனி. சாவுன் ஆடி. பெயர்தான் வேறு, மாதம் பிறக்கும் நாள் ஏறக்குறைய ஒன்று. சித்திரையின் முதல் இரண்டு வாரம் சேர்க்கையிலேயே போகும், புத்தகமும் பல சமயம் தாமதமாகத்தான் மேலே வந்து சேரும். ஆனியில் நடவு. புரட்டாசி ஐப்பசி வாக்கில் தசைன் (நம் நவராத்திரி நேரம்), அதையடுத்து திகார் (நம் தீபாவளி நேரம்), இரண்டுக்கும் சேர்த்து நீண்ட விடுமுறை. பங்குனியில் ஆண்டுத் தேர்வு. நீங்கள் எடுக்கும் விடுப்பை இந்தக் கணக்கின் மேல் வைத்துப் பாருங்கள். நான் பார்த்தவரை பலரும் தங்கள் ஆபீஸ் விடுப்பை வைத்து டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள், பள்ளியில் அப்போது என்ன நடக்கிறது என்று கேட்பதே இல்லை. தசைன் நேரத்தில் போய்ப் பூட்டிய பள்ளியைப் பார்த்துவிட்டு வந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன், ஏனென்றால் மூன்று வாரத்துக்கும் ஒரு வருஷத்துக்கும் நாள் ஒன்றுதான், அதைத் தாங்கும் விதம்தான் மாறும். காலையில் ஆறு மணிக்கு முன்பே வீட்டில் அடுப்பு பற்றவைத்துவிடுவார்கள். டீ வரும், சில நாள் கூடவே வறுத்த மக்காச்சோளம். ஒன்பது மணிக்கு முழுச் சாப்பாடு: சோறு, பருப்பு, ஒரு காய் அல்லது கீரை, ஊறுகாய். பத்து மணிக்குப் பள்ளி. ஒரு மணி வாக்கில் இடைவேளை, ஐந்தாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்கு அங்கேயே ஏதாவது சாப்பிடக் கொடுப்பார்கள். நான்கு மணிக்கு விட்டதும் ஒரு மணி நேரம் ஏறியும் இறங்கியும் வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் போய்ப் புல் அறுத்து, ஆட்டுக்குப் போட்டுவிட்டுத்தான் வீட்டுப்பாடம். இரவு ஏழரைக்கு மறுபடி அதே பருப்பும் சோறும். சில இரவு திண்டோ. முதல் தடவை தட்டைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அது எங்கள் பாட்டி கிண்டும் கேழ்வரகுக் களியேதான், அதே நிறம், அதே பதம், தொட்டுக்கொள்ளப் புளிக்கவைத்துக் காயவைத்த கீரைச்சாறு, குந்துருக் என்பார்கள். வழியில் பார்ப்பவர்கள் எல்லாம் "கானா கானு பயோ?" என்பார்கள், அதாவது சாப்பிட்டாச்சா. எச்சில் பார்ப்பதும் நம்மைப் போலத்தான், ஒருவர் வாய் வைத்ததை இன்னொருவர் தொடமாட்டார், சொம்பில் தண்ணீரை அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்ட பல விஷயங்கள் எனக்குக் கைவந்தவையாக இருந்தன. நமக்கு இருக்கும் பெரிய வசதி இது.

பழக வேண்டியதும் உண்டு. நான் இருந்தபோது சனிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். வீட்டில் எல்லாரும் ஓய்வாக இருந்து போன் பேச நினைக்கும் நேரத்தில் நான் வகுப்பில் இருப்பேன். கடிகாரம் நம்மைவிட 15 நிமிடம் முன்னால், அது ஒரு வாரத்தில் பழகிவிடும். குளிப்பது ஊர்ப் பொதுக் குழாயடியில், பெண்கள் பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு குளிக்க வேண்டும். கிணற்றடியிலும் வாய்க்காலிலும் குளித்த எங்கள் தலைமுறைக்குப் பரவாயில்லை, அடுக்குமாடியில் வளர்ந்தவர்கள் மனதைத் தயார்படுத்திக்கொண்டு வரட்டும். மழை பிடித்துவிட்டால் அட்டைப்பூச்சி. செருப்பு, துணி, புத்தகப் பை என்று எங்கும் ஏறும், ஒரு சிறு துணி முடிச்சில் உப்பு வைத்துக்கொண்டு நடப்பார்கள்.

சரி, மூன்று வாரத்துக்கு வருகிறேன்.

2018இல் நான் போனது ஒரு ஏற்பாட்டு நிறுவனம் மூலமாக. பெயர் வேண்டாம். பயிற்சி, தங்குமிடம், பள்ளிக்கு நன்கொடை என்று சொல்லி என்னிடம் பணம் வாங்கினார்கள். போய் இறங்கியபோது பள்ளிக்கு நான் வருவது முந்தின நாள்தான் தெரிந்திருந்தது. பள்ளிக்குப் பணம் எதுவும் வரவில்லை என்று பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் எனக்கு அதைவிட வலித்தது வேறு. நான்காம் வகுப்பில் நுழைந்து, ஆங்கிலத்தில் உங்கள் பெயர் என்ன என்று கரும்பலகையில் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் பிள்ளைகள் எழுந்து நின்று ஒவ்வொருவராகப் பெயர், வயது, பிடித்த நிறம், பிடித்த விலங்கு எல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தார்கள். உடல் உறுப்புப் பாட்டு எடுக்கலாம் என்று நினைத்தால் அதையும் அபிநயத்தோடு செய்துகாட்டினார்கள். எனக்கு முன் வந்த ஒவ்வொருவரும் அங்கிருந்துதான் தொடங்கியிருக்கிறார்கள், மூன்று வாரத்தில் ஊருக்குப் போய்விட்டார்கள், அடுத்தவர் மறுபடி அதே இடத்திலிருந்து. அந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தின் முதல் பாடத்தை எத்தனை முறை படித்தார்களோ, இரண்டாம் பாடம் வரவே இல்லை. ஒரு பிள்ளையிடம் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னேன். வாசிக்க முடியவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

இதோடு வரவேற்பு நிகழ்ச்சி ஒரு அரை நாள், வழியனுப்பு ஒரு அரை நாள். மாலை, நெற்றியில் டீகா, பிள்ளைகளின் நடனம். அன்பாகத்தான் செய்கிறார்கள், பள்ளியின் கஷ்டத்துக்கு நடுவில் செய்கிறார்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு வருஷத்தில் ஆறு பேர் வந்து போனால் ஆறு பாட நாள் அதிலேயே போய்விடும். இன்னும் ஒன்று, சின்னப் பிள்ளைகள் ஒட்டிக்கொள்வார்கள். அப்பா வெளிநாட்டில், அண்ணன் கீழே போர்டிங்கில், நேற்று வந்த மிஸ்ஸும் இன்று போகிறார் என்றால் அந்தக் குழந்தைக்கு அது எத்தனையாவது பிரிவு என்று எண்ணிப் பாருங்கள்.

அப்படியென்றால் மூன்று வாரத்தில் ஒன்றுமே செய்ய முடியாதா என்றால், முடியும், வகுப்பறைக்கு வெளியே. ஆசிரியர்களோடு உட்கார்ந்து ஆங்கிலப் பாடத்தை வாசித்துப் பழகலாம், ஏனென்றால் நீங்கள் போன பிறகும் அவர்கள் அங்கேதான் இருப்பார்கள். நூலகப் புத்தகங்களை வகுப்பு வாரியாகப் பிரித்து அடுக்கலாம். பழுதாகிக் கிடக்கும் கணினிகளைச் சரிசெய்யத் தெரிந்தவர் என்றால் மூன்று வாரம் தாராளம். உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு வேலையை எடுத்துக்கொண்டு போய் முடித்துவிட்டு வருவதென்றால் குறுகிய காலம் சரிதான். கற்பிப்பது அந்த வகை வேலை இல்லை.

மூன்று மாதம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

2023இல் இடையில் யாரும் இல்லாமல், தெரிந்த ஒருவர் வழியாக நேராக ஹெட்சரிடமே பேசினேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று, எனக்குத் தனி வகுப்பு வேண்டாம், ஏற்கனவே பாடம் எடுக்கும் ஒரு ஆசிரியரோடு என்னைச் சேர்த்துவிடுங்கள் என்று. மூன்றாம் வகுப்புக் கணக்கு எடுக்கும் ஒரு மிஸ்ஸோடு போட்டார்கள். என்னைவிட பத்து வயது சிறியவர், உள்ளூர்ப் பெண், நிரந்தரப் பணி இல்லை, பள்ளி சொந்தமாகத் திரட்டிக் கொடுக்கும் சிறிய சம்பளம். முதல் வாரம் நான் பின்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தேன். எனக்குப் புரிந்ததெல்லாம் "புஜ்யோ?" என்று மிஸ் கேட்பதும், "புஜ்யோ மிஸ்" என்று எல்லாரும் சேர்ந்து கத்துவதும்தான். புரிஞ்சுதா, புரிஞ்சுது மிஸ். எந்த ஊர் வகுப்பிலும் அந்தப் பதிலை நம்பக்கூடாது என்று ஆசிரியர்களுக்குத் தெரியும்.

இரண்டாம் வாரத்தில்தான் பிரச்சினை பிடிபட்டது. பிள்ளைகளுக்குக் கூட்டல் வந்தது, ஆனால் 29, 39, 49 என்று சொன்னால் தப்பாக எழுதினார்கள். நேபாளியில் நூறுவரை எண்களின் பெயர்கள் ஒழுங்காகப் போகாது, இந்தியைப் போலத்தான், ஒவ்வொன்றையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். அதிலும் 29ஐ முப்பதுக்கு ஒன்று குறைவு என்ற பொருளில் சொல்கிறார்கள், 39ஐ நாற்பதுக்கு ஒன்று குறைவு என்று. காதில் முப்பது போல விழுந்தால் குழந்தை 3 என்றுதானே ஆரம்பிக்கும்? தமிழில் இருபத்தொன்பது என்றால் இருபதும் ஒன்பதும் அப்படியே கேட்கிறது, ஆங்கிலத்திலும் அப்படித்தான். தமிழ்ப் பிள்ளைக்குத் தானாகக் கிடைக்கும் உதவி இந்தப் பிள்ளைக்கு மொழியிலிருந்து கிடைக்கவில்லை. (நமக்கும் தொண்ணூறில் கொஞ்சம் குழப்பம் உண்டு, அது வேறு.)

மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பை சோளமணி கொண்டுவந்தார். அந்த ஊரில் எல்லா வீட்டு முன்னாலும் சோளக்கதிரைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், காசு செலவில்லை. பத்துப் பத்து மணியாக மூங்கில் குச்சியில் பசை வைத்து ஒட்டினோம். இரண்டு குச்சியும் ஒன்பது உதிரி மணியும் வைத்துவிட்டு, இது எத்தனை என்று கேட்போம். அவர்கள் எண்ணிப் பார்த்து நேபாளியில் பெயரைச் சொல்லி, பிறகு எழுதுவார்கள். யோசனை என்னுடையது பாதி, மிஸ்ஸுடையது பாதி, விளக்கியது முழுக்க அவர்தான், என் நேபாளியை வைத்துக்கொண்டு ஒரு குழந்தைக்கும் எதையும் விளக்க முடியாது. வைகாசி முழுக்க இதையே செய்தோம். ஆனி பாதியில் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் நூறுவரை தடுமாறாமல் எழுதினார்கள்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பிள்ளைகள் எங்கே தடுக்குகிறார்கள் என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வாரம் ஆனது, நான் 11 வருஷமாகக் கணக்கு எடுக்கிறவள். மூன்று வாரம் என்று போயிருந்தால் கண்டுபிடித்த அடுத்த வாரமே பெட்டி கட்டியிருப்பேன்.

மூன்று மாதத்தின் குறையையும் சொல்ல வேண்டும். ஆனி 15ஐ ஒட்டி நடவுத் திருவிழா, அன்றைக்கு எல்லார் வீட்டிலும் தயிரும் அவலும். அதற்கு முன்னும் பின்னும் சேர்த்து வகுப்பு பாதி காலி, பெரிய பிள்ளைகள் எல்லாம் வயலில். நானும் ஒரு நாள் சேற்றில் இறங்கி நட்டேன், என்னோடு நட்ட ஆமா (வீட்டு அம்மாவை அப்படித்தான் கூப்பிட வேண்டும்) என் நாற்றுப் பிடிப்பைப் பார்த்து, உங்க ஊரிலும் நெல் உண்டா என்று ஆச்சரியப்பட்டார். அன்றிலிருந்து அவர் வீட்டில் நான் விருந்தாளி இல்லை. ஆனால் கணக்குப் பார்த்தால், சேர்க்கைக்கு இரண்டு வாரம், நடவுக்கு ஒன்றரை வாரம், மழையில் பாதை சரிந்து ஆசிரியர்களே வர முடியாத நாட்கள் எல்லாம் போக, உருப்படியாகப் பாடம் நடந்தது எட்டு வாரம் இருக்கும். மூன்று மாதம் என்று நினைத்துப் போகிறவர்கள் எட்டு வாரத்துக்குத் திட்டம் போடுங்கள்.

இப்போது ஒரு வருஷம். என் தோழி சொன்னதை வைத்தும், நான் இரண்டு முறை அவள் ஊருக்கு நடந்து போய்ப் பார்த்ததை வைத்தும் சொல்கிறேன். மொழி அவளுக்கு ஐந்தாம் மாதம்தான் வாயில் வந்தது. அதன் பிறகு அவள் செய்தது நான் கனவிலும் நினைக்க முடியாதது. ஒரு பெண் ஏன் ஒரு வாரமாக வரவில்லை என்று வீட்டுக்குப் போய் அம்மாவோடு பேசுவாள், தாத்தாவை சமாதானப்படுத்திக் கூட்டிக்கொண்டு வருவாள். இந்திய ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு முதியவர், அவர்களை அங்கே லாஹுரே என்பார்கள், தன் பேத்தியை போர்டிங்குக்கு அனுப்பாமல் அங்கேயே விட்டார், என் தோழியை நம்பி. தனிமையும் என் தோழிக்கு அதிகம். திகாருக்கு வீட்டுக்கு வீடு விளக்கு வைத்தபோதுதான் அழுதேன் என்றாள், அதே நேரத்தில் ஊரில் தீபாவளி. மார்கழி தையில் தண்ணீரில் கை வைக்க முடியாத குளிர்.

தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் அமெரிக்க அரசின் பீஸ் கோர் 1961இல் தொடங்கியது, அடுத்த வருஷமே நேபாளத்துக்கு ஆள் அனுப்பினார்கள். அவர்கள் வழக்கமாக ஒருவரை அனுப்பினால் முதலில் சில மாதம் மொழிப் பயிற்சி, பிறகு இரண்டு வருஷம் வேலை. அமெரிக்கர்களுக்கு மட்டுமான திட்டம், நாம் சேர முடியாது. ஆனால் 60 வருஷ அனுபவம் உள்ளவர்கள் வழக்கமாக இரண்டு வருஷத்துக்கு அனுப்புகிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் நான் எல்லாரையும் ஒரு வருஷத்துக்குத் தள்ளாததற்குக் காரணம் இருக்கிறது. என் தோழிக்கு ஆறாம் வகுப்பு அறிவியல் முழுவதையும் கொடுத்துவிட்டார்கள். அவள் நன்றாக எடுத்தாள். அதனாலேயே, காலியாக இருந்த அறிவியல் ஆசிரியர் இடத்துக்காக யாரும் அலையவில்லை. 2015 அரசமைப்புக்குப் பிறகு அங்கே பள்ளிக் கல்வி உள்ளாட்சிகளின் கையில் இருக்கிறது, காலியிடம் என்றால் ஹெட்சரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் ஊர்ப் பாலிகாவுக்கு, அதாவது உள்ளாட்சி அலுவலகத்துக்கு, நடையாக நடந்துதான் வாங்க வேண்டும். சம்பளம் இல்லாமல் ஒருவர் பாடம் எடுக்கும்போது அந்த அவசரம் போய்விடுகிறது. அவள் பங்குனியில் கிளம்பியதும் அந்த வகுப்புக்கு மறுபடி சில மாதம் அறிவியலே இல்லை. அவள் இதைச் சொல்லி என்னிடம் மிகவும் வருந்தினாள். நான் இதை அவள் குற்றம் என்று சொல்லமாட்டேன். ஒரு வருஷம் போகிறவர்கள் முழுப் பாடத்தையும் தனியாகத் தோளில் ஏற்றிக்கொள்ளாதீர்கள், சம்பளம் வாங்கும் ஒருவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள், அல்லது நான் திரும்பிப் போவதற்குள் ஒரு ஆளைப் போட வேண்டும் என்று சேரும்போதே பேசி வையுங்கள்.

தங்குவதில் இரண்டே வழி. ஊருக்குள் ஒரு குடும்பத்தோடு, அல்லது பள்ளிக்குப் பக்கத்தில் ஆசிரியர்களுக்கான அறையில். அறையில் சுதந்திரம் இருக்கும், நமக்குப் பிடித்ததைச் சமைக்கலாம். ஆனால் குடும்பத்தோடு இருங்கள், யோசிக்கவே வேண்டாம். மொழி அடுப்படியில்தான் வரும். நான் மாதம் 12,000 நேபாள ரூபாய் கொடுத்தேன், சாப்பாடும் சேர்த்து. அங்கே நம் 100 ரூபாய் அவர்களுடைய 160, நெடுங்காலமாக மாறாத விகிதம், ஆக நம் பணத்தில் 7,500. இதை நேராக அந்த ஆமா கையில் கொடுங்கள். இடையில் ஒருவர் வாங்கினால் எவ்வளவு போய்ச் சேருகிறது என்று கேட்க வெட்கப்படாதீர்கள், நான் முதல் முறை கேட்காமல் விட்டேன்.

பயணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியர்களுக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை போதும், ஆதாரை மட்டும் நம்பி விமானத்துக்குப் போகாதீர்கள். சுற்றுலா விசாவில் வரும் மற்ற நாட்டவர் அங்கே சம்பளமில்லாத வேலைகூடச் செய்யக்கூடாது என்பது விதி, சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விசா தேவையில்லாத நாமும் பள்ளியிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி, பாலிகாவின் கல்விப் பிரிவில் சொல்லிவிட்டு இருப்பதுதான் முறை. ரயிலில் கோரக்பூர், அங்கிருந்து சுனௌலி எல்லை, தாண்டினால் பைரஹவா, பிறகு பஸ். காட்மாண்டு பொக்ரா நெடுஞ்சாலையில் டும்ரே என்ற இடத்தில் லம்ஜுங் மாவட்டத் தலைநகரான பெசிசஹாருக்குப் பாதை பிரியும், அதற்கு மேலே ஜீப்பும் காலும்தான். மழைக் காலத்தில் அந்த ஜீப் பாதை எப்போது சரியும் என்று சொல்ல முடியாது, திரும்பும் ரயில் டிக்கெட்டை அதைக் கணக்கில் வைத்து எடுங்கள்.

ஒன்றை மட்டும் எந்த அளவு நாளுக்கும் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன், அநாதை இல்லங்களில் போய்ப் பாடம் நடத்துவது. நேபாளத்தில் அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். படிக்கவைக்கிறோம் என்று சொல்லி மலைக் கிராமங்களிலிருந்து கூட்டிப் போய்விடுகிறார்கள், வெளிநாட்டுத் தன்னார்வலரும் நன்கொடையும் வருவதால்தான் பிள்ளைகளும் சேர்க்கப்படுகிறார்கள். ஆஸ்திரேலியா 2018இல் இதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வகையாகவே ஏற்றுக்கொண்டது. அரசுப் பள்ளிக்குப் போங்கள், மாலையில் பிள்ளைகள் தங்கள் அம்மாவிடம் போகும் இடத்துக்குப் போங்கள்.

"நம்ம ஊர்ல பள்ளிக்கூடம் இல்லையா?" என்று என் மாமியார் கேட்டார், நியாயமான கேள்வி. 2021 அக்டோபரில் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது எங்கள் தெருவிலேயே இரண்டு பெண்கள் மாலை வகுப்பு எடுத்தார்கள். பிள்ளையின் மொழி தெரியும், வீடு தெரியும், அடுத்த மாதம் ஊருக்குப் போய்விட மாட்டார்கள். மூன்று மாதத்தில் நான் அங்கே செய்ததை அவர்கள் இங்கே ஒரு மாதத்தில் செய்துவிட முடியும். உபயோகம் மட்டும்தான் குறி என்றால் நம் தெருவே போதும், நான் மறுக்க மாட்டேன். நான் திரும்ப மலைக்குப் போவது அந்தப் பிள்ளைகளைத் தெரிந்துகொண்டதால், ஒரு முறை போய்விட்டு விட்டுவிட மனம் வராததால். அதனால் கேட்பவர்களிடம் ஒன்று சொல்வேன், புதுப் புது ஊராகப் போகாதீர்கள், மூன்று மாதம் போன அதே பள்ளிக்கே மறுபடி போக முடியுமா என்று பாருங்கள்.

போவதாக இருந்தால் ஹெட்சரிடம் பேச வேண்டியது மாசியிலேயே. பங்குனியில் தேர்வு, அதை ஒட்டித்தான் அடுத்த ஆண்டு யாருக்கு எந்த வகுப்பு என்று பேசத் தொடங்குவார்கள். இந்தச் சித்திரைக்கு நானும் எழுதியிருந்தேன், பழையபடி மூன்றாம் வகுப்புக் கணக்குக்கு அந்த மிஸ்ஸோடு வரட்டுமா என்று. அன்று மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் இப்போது ஐந்துக்கு வருகிறார்கள். போன வாரம் பதில் வந்தது. மூன்றாம் வகுப்புக்கு நீங்கள் வேண்டாம் மிஸ், சோளமணிக் குச்சியை வைத்து அவரே எடுத்துவிடுகிறார், இரண்டாம் வகுப்பு மிஸ்ஸுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டார், ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் ஏறவே மாட்டேன் என்கிறது, அதற்கு என்ன கொண்டுவருவீர்கள் என்று கேட்டிருக்கிறார் ஹெட்சர். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.